மேற்கு ஜன்னலுக்கு ஸ்கிரீனா, பிளைண்ட்ஸா?

திருநெல்வேலிப் பக்கம் ஜன்னலுக்குத் திரை போட நினைப்பவர்கள் நிறத்தையும் விலையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது காற்று. கேரளத்தில் மழை இறங்கியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மலையைத் தாண்டி வரும் காற்று புரட்டாசி வரைக்கும் நம்மை விடாது. குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே காற்று. தண்ணீரை எல்லாம் மலையிலேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்து சேரும். கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்னும்போது ஜன்னல் துணி எம்மாத்திரம்?

எங்கள் வீடு பாளையங்கோட்டைக்குத் தெற்கே, மேற்குப் பார்த்த வாசலோடு இருக்கிறது. வாசலுக்கு இரு பக்கமும் பட்டாசல் என்கிற முன்கூடத்தில் நான்கடிக்கு நான்கடி ஜன்னல்கள். எதிரே வயல்தான், மறைப்பு எதுவும் கிடையாது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது பழைய ஸ்கிரீன்களையும் துருப்பிடித்த ஸ்பிரிங் கம்பிகளையும் கழற்றிப் போட்டாயிற்று. இந்தத் தடவை ஒரே துணியை வாங்கி எல்லா ஜன்னலுக்கும் வெட்டித் தொங்கவிட வேண்டாம், எந்த ஜன்னலுக்கு எது தேவை என்று பார்த்துப் போடலாம் என்று முடிவு செய்தேன். தையல் மட்டும் வெளியே. அளப்பது, துளை போடுவது, மாட்டுவது எல்லாம் நானே.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "எது வேணும்னாலும் மாட்டும்மா. காத்த மட்டும் மறிச்சிராத."

மேற்கு ஜன்னலில் உள்ள சிக்கல் முழுக்க அந்த வார்த்தையில் இருக்கிறது. வெயில் வருகிற வழியும் காற்று வருகிற வழியும் ஒன்றுதான். வெயிலை அடைத்தால் காற்றும் நின்றுபோகும். காற்றுக்குத் திறந்தால் சாயங்காலம் தரையெல்லாம் கொதிக்கும்.

முதலில் வெயிலைக் கணக்குப் போட்டேன். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.7 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறப்பதையொட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதிலிருந்து ஆவணி பாதி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் விழும். அதனால் கோடையில் வடக்கு ஜன்னலுக்கும் வெயில் உண்டு. ஆனாலும் உயரத்தில் நிற்கிற சூரியனை இரண்டடி சன்ஷேடு பார்த்துக்கொள்ளும். அதன் கையில் அடங்காதது சாய்ந்த வெயில். மே மாதத்தில் மூன்றே கால் மணி வாக்கில் சூரியன் 45 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது இரண்டடி சன்ஷேடின் நிழல் ஜன்னலில் இரண்டடிக்குத்தான் விழும், அதாவது பாதி ஜன்னல். நாலே கால் வாக்கில் 30 டிகிரி. நிழல் ஓரடிக்குக் கொஞ்சம் மேலே சுருங்கிவிடும், மீதி ஏறக்குறைய மூன்றடியும் நேர் வெயில். கிரில் கம்பியைத் தொட்டுப் பார்த்தால் விளக்கு வைத்த பிறகும் வெதுவெதுப்பு இருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். மூடிய கண்ணாடிக்கு உள்ளே எவ்வளவு தடிமனான துணியைத் தொங்கவிட்டாலும், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் அதில் படுகிறது. துணி சூடாகிறது. அந்தச் சூடு வந்த வழியே கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது, அறைக்குள்தான் பரவும். வெள்ளைப் பின்புறம் உள்ள துணியானால் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். பிளாக்அவுட் துணி அறையை இருட்டாக்கும், ஆனால் வெயிலை வெளியே நிறுத்தாது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே மறித்தால்தான் வீடு குளிரும். நம் பழைய வீடுகளில் தார்சா என்கிற தாழ்வாரத்துக்கு முன்னால் தட்டி கட்டியது சும்மா இல்லை.

அப்புறம் கடைகள். திருநெல்வேலி டவுனிலும் வண்ணாரப்பேட்டையிலும் பார்த்தேன். ரோலர், ஜீப்ரா, அலுமினியப் பட்டை வைத்த வெனிஷியன், ஆபீஸ்களில் தொங்கும் செங்குத்துப் பட்டை என்று எல்லா மாதிரிப் பிளைண்ட்ஸும் கிடைக்கிறது. சதுர அடிக் கணக்கில் விலை. சின்ன ஜன்னலாக இருந்தாலும் குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி என்று பில் போடுகிற கடைகள் உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பார்வைக்கு ரோலர் மிகவும் சுத்தமாக இருக்கிறது. சுருட்டினால் ஜன்னலே முழுசாகக் கிடைக்கும், துவைக்கிற வேலை இல்லை, சுவரில் இடம் அடைக்காது. எனக்கும் அதில் ஆசை இருந்தது.

மகாராஜ நகரில் மைனி வீட்டில் ரோலர்தான் போட்டிருக்கிறார்கள். போன ஆனியில் அங்கே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கண்ணாடியைத் திறந்து வைத்து ரோலரை இறக்கினால், துணி பாய்மரம் மாதிரி உள்ளே உப்புகிறது. காற்று ஒரு நொடி ஓய்ந்ததும் பின்னால் இழுபட்டு, கீழே உள்ள அலுமினியச் சட்டம் கிரில்லில் டங்கென்று அடிக்கிறது. ராத்திரி முழுக்க அந்தச் சத்தம். கீழ்ச்சட்டத்தைக் கொக்கியில் மாட்டி நிறுத்தினால் துணி விறைத்துக்கொண்டு காற்றை மறிக்கிறது. ரோலர் ஒரே தாள் மாதிரியான துணி. இறக்கினால் காற்று இல்லை, ஏற்றினால் மறைப்பு இல்லை. ஸ்கிரீன் துணி அப்படி இல்லை. மடிப்பு மடிப்பாக இருப்பதால் பக்கத்தில் ஒதுங்கும், அலையும், ஓரத்தில் காற்றை விடும், வேண்டிய அளவுக்குத் தள்ளி வைக்கலாம்.

அதோடு முடிவு தானாக வந்துவிட்டது. திறந்தே கிடக்கிற ஜன்னலுக்கு ஸ்கிரீன். பெரும்பாலும் மூடியே இருக்கிற கண்ணாடிக்குப் பிளைண்ட்ஸ். மேற்கு வெயிலுக்கு வெளியே மூங்கில் தட்டி.

தட்டி விஷயத்தில் நம் ஊர்ப் பருவமே ஒத்தாசையாக இருக்கிறது. வெயில் கடுமையாக அடிப்பது பங்குனியிலிருந்து வைகாசி வரை. காற்றுப் பலமாக வீசுவது ஆனி, ஆடி, ஆவணி. அந்த மாதங்களில் மேற்கே மேகமும் இருக்கும், சாயங்கால வெயில் பாதி நாள் தலைகாட்டாது. ஆக, தட்டி தேவைப்படும்போது காற்று குறைவு, காற்று வரும்போது தட்டி தேவையில்லை. கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துவிட்டால் இரண்டுக்கும் பொருந்தும்.

தட்டியை எங்கே தொங்கவிடுவது என்பதில் ஒரு இடைஞ்சல் இருந்தது. ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கிறவை. நான்கடி ஜன்னலில் மூன்று கதவு, ஒவ்வொன்றும் 16 அங்குலம். அதனால் சுவரிலிருந்து 20 அங்குலம் தள்ளி, சன்ஷேடின் அடிப்பக்கத்தில் கொக்கி வைத்தேன். சன்ஷேடு 24 அங்குலம், ஆக விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே. விளிம்பை ஒட்டித் துளை போட்டால் கான்கிரீட் பெயர்ந்து வந்துவிடும். சன்ஷேடு போல ஒரு பக்கம் மட்டும் தாங்கி நிற்கிற தளத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கமாகப் போகும், அதனால் அடியிலிருந்து ஒன்றரை அங்குலத் துளைக்குப் பயமில்லை. அதற்கு மேல் போகவும் தேவையில்லை. 8 மில்லிமீட்டர் டிரில் பிட், உள்ளே விரிகிற ஆங்கர் கொக்கி. தலைக்கு மேல் துளைப்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது, சிமென்ட் தூள் நேரே கண்ணில்தான் விழும்.

அகலம் எவ்வளவு? ஜன்னல் அளவுக்கே தட்டி வாங்கினால் ஓரத்தில் வெயில் நுழையும். மே மாதத்தில் சூரியன் மறையும்போது நேர் மேற்கிலிருந்து 18, 19 டிகிரி வடக்கே இருக்கும். மார்கழியில் 23 டிகிரி தெற்கே. 20 அங்குலம் தள்ளித் தொங்குகிற தட்டிக்கு, முதலாவதில் 7 அங்குலம், இரண்டாவதில் எட்டரை அங்குலம் பக்கத்தில் விலகும். அதனால் ஒவ்வொரு பக்கமும் 9 அங்குலம் சேர்த்து ஐந்தரை அடி அகலத்துக்குச் சொன்னேன். நீளம் நான்கடி. இதில் ஒரு சௌகரியம் உண்டு. தட்டி சுவரை விட்டுத் தள்ளி இருப்பதால், நாலே கால் மணி வரைக்கும் கீழே ஓரடியைச் சுருட்டியே வைக்கலாம், வெயில் உள்ளே வராது. அந்த ஓரடி வழியாகவும் இரண்டு பக்கத்து இடைவெளி வழியாகவும் காற்று தாராளமாக வருகிறது. வயலையும் பார்க்கலாம். அப்பாவுக்கு அதில்தான் சந்தோஷம்.

மூங்கில் தட்டியை வாங்கியபடியே மாட்டக் கூடாது. பச்சை மூங்கில் உளுத்துப்போகும், வெயிலில் வெளுத்துப் பிளக்கும். ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் சமபாதி கலந்து, பிரஷால் இரண்டு பக்கமும் பூசி, தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், நிழல் பார்த்துக் காயவைத்தேன். முதல் பூச்சை மூங்கில் உறிஞ்சிவிடும், காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு. மூங்கிலைவிட முதலில் இற்றுப்போவது அதைக் கோத்திருக்கிற நூல்தான். அதனால் நூலிலும் எண்ணெய் நன்றாக இறங்க வேண்டும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், கசங்கிக் கிடக்கிற துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

தட்டியின் கீழே ஒரு மரப்பட்டையைக் கட்டி, அதிலிருந்து இரண்டு நைலான் கயிற்றைச் சுவரில் உள்ள கொக்கிக்கு இழுத்துக் கட்டினேன். கீழே கட்டாமல் தொங்குகிற தட்டி, சித்திரையில் மழைக்கு முன்னால் திடீரென்று கிளம்புகிற காற்றிலேயே சன்ஷேடில் அடித்து உடையும்.

இனி உள்பக்கம். பட்டாசல் ஜன்னலுக்குப் பருத்தி ஸ்கிரீன் என்று தீர்மானித்து, கரூரில் நெய்த கெட்டித் துணி வாங்கினேன். வெளிர் நிறம், உட்புறம் லைனிங் இல்லை. வெளியே தட்டி இருப்பதால் இருட்டுக்குத் தேவையில்லை, கண் கூசாமல் இருந்தால் போதும். ராத்திரி விளக்கு போட்டால் தெருவிலிருந்து உள்ளே தெரியக் கூடாது, அதற்கு இந்தக் கனம் போதும். மெல்லிய வலைத் துணி பகலில் அழகாக இருக்கும், விளக்கு போட்டதும் எல்லாம் வெளியே தெரியும்.

துணிக் கணக்கை எழுதி வைத்தது இது. ஜன்னல் திறப்பு 48 அங்குலம். கம்பி இரண்டு பக்கமும் 8 அங்குலம் நீள வேண்டும், அப்போதுதான் திரையை ஒதுக்கினால் துணி சுவர் மேல் போய் நிற்கும், ஜன்னலை அடைக்காது. ஆகக் கம்பி 64 அங்குலம். மடிப்பு நன்றாக விழ இரண்டு மடங்கு துணி, 128 அங்குலம். 48 அங்குல அகலத் துணியில் மூன்று துண்டு, பக்கத்துக்கு ஒன்றரைத் துண்டு. உயரம்: ஜன்னல் 48, மேலே 5, கீழே 6, மடித்துத் தைக்க 10, சுருக்கத்துக்கு 3, மொத்தம் 72 அங்குலம். மூன்று துண்டுக்கு ஐந்தரை மீட்டர். ஆயத்தமாக நான்கடி அகலத்தில் விற்கிற திரை இரண்டு வாங்கியிருந்தால் ஒன்றரை மடங்குதான் வரும், இழுத்து மூடினால் மடிப்பே இல்லாமல் விரித்த வேட்டியாக நிற்கும்.

சுருக்கத்துக்கு 3 அங்குலம் என்றேனே, அது நனைந்ததும் துணி குறைகிற அளவு. பருத்தி நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சுருங்குவது சகஜம். வாங்கிய துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் கொடியில் போட்டு, இஸ்திரி போட்டுத்தான் தையல்கடைக்குக் கொண்டு போனேன். தையல்கடை அண்ணாச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, "நனச்சிட்டு வந்திட்டியளா? அப்போ அளவு மாறாது" என்று அப்படியே வெட்டினார். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லிச் செய்தேன். திரைக்கு எட்டு ரிங், அதாவது இரட்டைப்படை. அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கும். ஒற்றைப்படையானால் ஒரு ஓரம் அறைப்பக்கம் துருத்தும். இன்னொன்று, கீழ் மடிப்புக்குள் ஈயக்குண்டு கோத்த நாடா. காற்றுக்கு அது ஓரளவு கட்டுப்படும்.

கம்பி மாட்டுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. துளையிலிருந்து விழுகிற தூளைப் பார்த்தே சுவருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். முதல் அரை அங்குலம் பூச்சு, வெளிர் சாம்பல் தூள். அப்புறம் செக்கச்செவேல் என்று வந்தால் செங்கல். தொடர்ந்து சாம்பலாகவே வந்து பிட் முனகினால் லிண்டல் கான்கிரீட், அதாவது ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற உத்தரம். எங்கள் ஜன்னலில் நடு பிராக்கெட் லிண்டலில் விழுந்தது, ஓரத்துப் பிராக்கெட்டுகள் செங்கலில். லிண்டல் ஜன்னலைத் தாண்டி இரு பக்கமும் அரை அடிதான் போகிறது, என் ஓரத் துளைகள் 8 அங்குலத்தில். சுற்றிலும் ஒரே லிண்டலாக ஓட்டியிருக்கிற வீடுகளில் எல்லா இடமும் கான்கிரீட்டாகத்தான் இருக்கும்.

செங்கல்லில் டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளைத்தால் துளை பிதுங்காது. கான்கிரீட்டுக்குச் சுத்தியல் இயக்கம் வேண்டும், இடையிடையே பிட்டை வெளியே எடுத்துத் தூளை விட வேண்டும், இல்லையென்றால் பிட் சூடாகி மழுங்கும். துளைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்கிற ராவல் பிளக் முழுசும் பூச்சைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பூச்சில் மட்டும் பிடித்து நிற்கிற பிளக், திரையை வேகமாக இழுத்தால் கையோடு வந்துவிடும். இரண்டு அங்குல ஸ்க்ரூ போட்டேன். பிட்டில் வேண்டிய ஆழத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொண்டால் அளவு தப்பாது. துளைக்குக் கீழே பழைய கவர் ஒன்றை ஒட்டினால் தூள் அதில் விழும், புதுப் பெயின்ட் அழுக்காகாது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளைக்க வேண்டாம், ஒயர்க் குழாய் அந்த வழியாகத்தான் இறங்கும்.

மட்டம் பார்க்க ஜன்னல் சட்டத்தை நம்பவில்லை. தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்து இரு முனையும் குறித்தேன். ஒரு அங்குல ஸ்டீல் குழாய் ஐந்தடிக்கு மேல் போனால் நடுவில் தொய்யும், அதனால் நடு பிராக்கெட் அவசியம். ரிங் வைத்த திரை நடு பிராக்கெட்டைத் தாண்டிப் போகாது. இரண்டு திரையும் நடுவில் பிரிந்து ஒதுங்குகிறவை என்பதால் இதில் சிரமம் இல்லை. ஒரே பக்கம் ஒதுக்குகிற திரை வேண்டுமென்றால் சீலிங்கில் ஓடுகிற டிராக்தான் சரி.

கிழக்கு அறை என் வேலை அறை. ஐந்தடி அகல ஸ்லைடிங் கண்ணாடி, தூசிக்காகப் பெரும்பாலும் மூடியே இருக்கும், காலை வெயில் கணினித் திரையில் அடிக்கும். இங்கே ஸ்கிரீன் போட்டால் ஒன்று இருட்டு, இல்லை கூச்சம். 25 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை வெனிஷியன் போட்டேன், இந்த அறைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. பட்டையின் வெளி ஓரம் தாழ்ந்து உள் ஓரம் உயர்ந்து இருக்கும்படி திருப்பினால், நேர் வெயில் நின்றுவிடும், பட்டைமேல் பட்ட வெளிச்சம் மேல்தளத்துக்கு ஏறி அறை முழுக்கப் பரவும். பகலில் விளக்குப் போடாமலே வேலை பார்க்கிறேன்.

ஜன்னல் குழிக்குள்ளேயே மாட்டுவதென்றால் அளவில் கவனம் வேண்டும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுத்தேன்: 1512, 1508, 1514 மில்லிமீட்டர். பூச்சு ஒரே சீராக எந்த வீட்டிலும் இருக்காது. மூன்றில் சிறியதைத்தான் கடையில் சொல்ல வேண்டும். அது திறப்பின் அளவு என்றும் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர்கள் இரு பக்கமும் உரசாமல் இருக்கக் கழித்துக்கொள்வார்கள். நாமும் கழித்து அவர்களும் கழித்தால் ஓரத்தில் வெளிச்சக் கீற்று. உள்பக்கம் திறக்கிற கொசுவலைக் கதவு இருக்கிற ஜன்னலுக்கு இப்படிக் குழிக்குள் மாட்ட முடியாது, கதவு இடிக்கும். காற்றுக் காலத்தில் செம்மண் தூசி ஒவ்வொரு பட்டையிலும் படியும். பட்டைகளை மூடி, ஈரத்துணியால் ஒரு பக்கம் துடைத்து, திருப்பி மறுபக்கம் துடைக்க வேண்டும். இந்த வேலைக்கு மனசில்லாதவர்கள் வெனிஷியன் பக்கம் போக வேண்டாம்.

அப்பாவின் அறை வடக்கு ஜன்னல். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வானத்து வெளிச்சமே அவருக்குக் கூசுகிறது. ஆனால் மத்தியானம் படுக்கும்போது காற்று வேண்டும். அதற்குப் பத்தமடைக் கோரைப்பாய். பட்டு மாதிரி நெய்கிற நேர்த்தியான பாய் இல்லை, அதை ஜன்னலில் தொங்கவிட மனசு வராது. சாதாரணப் படுக்கைப் பாய், ஜன்னல் அகலத்துக்குச் சற்றுக் குறைவானது. பாயில் கோரை அகலவாக்கில் ஓடும், பாவு நூல் நீளவாக்கில். கோரை கிடைமட்டமாக இருக்கும்படி தொங்கவிட்டால்தான் அழகாகச் சுருளும். நீளத்தைக் குறைக்க வெட்டினால் பாவு நூல் பிரிந்து கோரை ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளும். அதனால் வெட்டும் இடத்துக்கு மேலே துணிப் பட்டை வைத்து இரண்டு வரிசை தைத்த பிறகே வெட்டினேன். மேலே ஒரு தேக்குப் பட்டை, கீழே ஒன்று, இரண்டு பருத்திக் கயிறு, இரண்டு கொக்கி. பாய் ஜன்னல் அடியிலிருந்து ஓரடி மேலேயே நிற்கிறது. கூச்சம் மேலே நின்றுவிட, காற்று கட்டில் உயரத்துக்குக் கீழ்வழியே வருகிறது. கோரையின் பழுப்பு வழியாக வருகிற வெளிச்சம் கண்ணுக்கு அவ்வளவு இதம். ஐப்பசி கார்த்திகை மழையில் பாய் ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அப்போது கழற்றிச் சுருட்டி, காய்ந்த இடத்தில் வைத்துவிட வேண்டும்.

கயிறு பற்றி ஒன்று. தம்பி பிள்ளைகள் லீவுக்கு வந்தால் எல்லாக் கயிற்றையும் இழுத்துப் பார்ப்பார்கள். பிளைண்ட்ஸ் கயிறும் மணிச் சங்கிலியும் சின்னப் பிள்ளைகளின் கழுத்தில் சுற்றி உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2018 முடிவில், கடையில் ஆயத்தமாக விற்கிற பிளைண்ட்ஸில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற நீளக் கயிறு இருக்கக் கூடாது என்கிற தர விதி அமலுக்கு வந்தது. நம் ஊர்க் கடைகளில் இன்னமும் வளையமாகத் தொங்குகிற கயிறுதான் அதிகம். வெனிஷியனுக்குப் பட்டையைத் திருப்பக் கோல் கேட்டு வாங்கினேன். தூக்குகிற கயிற்றையும் அப்பா அறைப் பாய்க் கயிற்றையும் சுற்றி வைக்க, ஐந்தடிக்கு மேலே சுவரில் கொம்புக் கொக்கி அடித்தேன். கட்டிலையோ தொட்டிலையோ கயிற்றுக்குப் பக்கத்தில் போடுவதில்லை. ரோலர் வாங்குகிறவர்கள் சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிற கிளிப்பைக் கேட்டு வாங்கிப் பொருத்த வேண்டும். பெட்டிக்குள் அது இருந்தும் மாட்டாமல் விடுகிற வீடுகள் நிறைய.

அடுக்களை ஜன்னல் அடுப்பை ஒட்டி இருக்கிறது. அங்கே துணியே கூடாது. தாளிக்கிற எண்ணெய்ப் புகை படிந்த துணியும் கேஸ் தீயும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஆபத்து. கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மங்கலான ஃபிலிம் ஒட்டியதோடு சரி.

ஒரு காற்றுக் காலம் முழுசாகப் பார்த்தாயிற்று. தட்டியை ஆனி பிறந்ததும் கழற்றி மச்சில் வைத்தோம், கொக்கி மட்டும் சன்ஷேடில் இருக்கிறது. ஈய நாடா வைத்த திரை பலமான காற்றில் பறக்கத்தான் செய்கிறது. அப்போது பக்கத்தில் ஒதுக்கி நாடாவால் கட்டிவிடுகிறோம், ஜன்னல் முழுக்கக் காற்று. புரட்டாசியில் திரையைத் துவைத்தபோது அளவு குறையவில்லை. தட்டியின் நூலில் வெளி ஓரத்து இரண்டு வரிசை மட்டும் வெளுத்திருக்கிறது, அடுத்த மாசியில் மாட்டும் முன் அவற்றுக்கு மெழுகு தேய்த்த நைலான் நூல் மாற்ற வேண்டும்.

தென்காசியில் இருக்கிற தங்கச்சி இதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கும் இதே மாதிரி வேண்டும் என்கிறாள். அங்கே கதை வேறு. ஆனி ஆடியில் சாரல் மேற்கிலிருந்து ஜன்னலுக்குள்ளேயே அடிக்கும், மூங்கிலும் கோரையும் பருத்தியும் காயவே காயாது. அவளுக்குச் சீக்கிரம் காய்கிற பாலியெஸ்டர் துணியும் வெளியே அலுமினியத் தகட்டில் சாய்வுப் பட்டையும் என்று அளவெடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.